வளரும் மூளையில் மாற்றிடப்பட்ட கிளியா உயிரணுக்களின் இடப்பெயர்ச்சி

மாற்றிடப்பட்ட கிளியா உயிரணுக்களின் இடப்பெயர்ச்சி என்பது, ஒரு விலங்கின் மூளையிலிருந்தோ வளர்ப்புக் கலத்திலிருந்தோ எடுக்கப்பட்டு மற்றொரு விலங்கின் மூளையில் இடப்படும் கிளியா உயிரணுக்கள், இடப்பட்ட புள்ளியை விட்டு நகர்ந்து மூளையின் பிற பகுதிகளுக்குப் பரவும் நிகழ்வைக் குறிக்கும். இவ்வுயிரணுக்கள் பிறக்கவிருக்கும் அல்லது அண்மையில் பிறந்த விலங்கின் மூளையில் நெடுந்தொலைவு பரவுகின்றன. முழு வளர்ச்சி அடைந்த, பாதிப்பற்ற மூளையிலோ பெரும்பாலும் இட்ட இடத்தை ஒட்டியே நின்றுவிடுகின்றன. எனவே இடப்பெயர்ச்சியின் அளவை, நகரும் உயிரணுவின் திறனுடன் அதனை ஏற்கும் மூளையின் நிலையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. மயலின் உறை உருவாகாமையால் குழந்தைகளுக்கு ஏற்படும் மரபுவழி நோய்களுக்கு உயிரணு மாற்றிடல் மூலம் மருத்துவம் காணும் முயற்சிகள் இந்நிகழ்வையே அடிப்படையாகக் கொண்டுள்ளன.

கிளியா உயிரணுக்கள்

மூளையில் நரம்பணுக்களைத் தவிர்த்துக் காணப்படும் உயிரணுக்களில் பெரும்பாலானவை கிளியா அல்லது நியூரோகிளியா எனப்படும். செருமானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 19 ஆம் நூற்றாண்டின் நடுவில், நரம்பணுக்களை ஒட்டி வைத்திருக்கும் ஒரு பசை எனக் கருதி இப்பெயரை இட்டார். கிரேக்க மொழியில் இச்சொல் பசையைக் குறிக்கும். இவ்வுயிரணுக்கள் வெறும் பசையல்ல என்பது பின்னர் தெளிவாயிற்று. மைய நரம்பு மண்டலத்தில் உள்ள முதன்மையான கிளியா வகைகள் பின்வருமாறு:

- ஆஸ்ட்ரோசைட்டுகள்: விண்மீன் வடிவம் கொண்டவை. நரம்பணுச் சந்திப்புகளைச் சூழ்ந்து நின்று, அங்குள்ள வேதிப்பொருள்களின் அளவைச் சீராக வைக்கின்றன.
- ஒலிகோடென்ட்ரோசைட்டுகள்: நரம்பிழைகளைச் (ஆக்சான்) சுற்றி மயலின் உறையை உருவாக்குகின்றன. இவ்வுறை மின்கம்பியின் மேலுள்ள காப்புறை போலச் செயற்பட்டு, நரம்புச் சைகைகள் விரைந்து செல்ல வழி செய்கிறது.
- மைக்ரோகிளியா: மூளையின் நோய் எதிர்ப்புப் பணியைச் செய்பவை.

இவற்றுள் மைக்ரோகிளியாவையும் ஒலிகோடென்ட்ரோசைட்டுகளையும் எசுப்பானிய அறிவியலாளர் பியோ தெல் ரியோ ஓர்த்தேகா 1919 முதல் 1921 வரையான காலத்தில் பிரித்தறிந்து விவரித்தார். மைக்ரோகிளியாவின் தோற்றம் மற்ற இரண்டிலிருந்தும் வேறுபட்டது. இக்கட்டுரை ஆஸ்ட்ரோசைட்டுகள், ஒலிகோடென்ட்ரோசைட்டுகள், இவற்றைத் தோற்றுவிக்கும் முன்னோடி உயிரணுக்கள் ஆகியவற்றைப் பற்றியது.

இயல்பான வளர்ச்சியில் இடப்பெயர்ச்சி

முதிர்ந்த ஒலிகோடென்ட்ரோசைட்டு இடம்பெயர்வதில்லை. இடம்பெயர்வது அதன் முன்னோடி உயிரணுவே. 1983 இல் இலண்டனில் மார்ட்டின் ராஃப் தலைமையிலான குழுவினர், எலியின் பார்வை நரம்பிலிருந்து இம்முன்னோடி உயிரணுக்களைப் பிரித்து வளர்த்துக் காட்டினர். பார்வை நரம்பில் காணப்படும் முன்னோடிகள் அந்நரம்பிலேயே தோன்றியவையல்ல, மூளையிலிருந்து அதற்குள் நகர்ந்து வந்தவை என்பதற்கான சான்றுகள் 1987 இல் வெளியாயின.

சுண்டெலியின் முன்மூளையில் இம்முன்னோடிகள் மூன்று அலைகளாகத் தோன்றுகின்றன என 2006 இல் வெளியான ஆய்வு காட்டியது. முதல் அலை முளைய வளர்ச்சியின் 12 ஆம் நாளை ஒட்டி முன்மூளையின் கீழ்ப்பகுதியிலும், இரண்டாம் அலை சில நாள்களின் பின் அதனை அடுத்த பகுதியிலும், மூன்றாம் அலை பிறப்பை ஒட்டிப் பெருமூளைப் புறணியிலும் எழுகின்றன. ஓர் அலையின் உயிரணுக்களை அழித்துவிட்டால், மற்ற அலைகளைச் சேர்ந்தவை அவ்விடத்தை நிரப்பிவிடுகின்றன. வெற்றிடம் இருந்தால் அதனை நோக்கிப் பரவும் இப்பண்பு, மாற்றிடல் ஆய்வுகளைப் புரிந்துகொள்ள முதன்மையானது.

ஆஸ்ட்ரோசைட்டுகளின் இயல்பு வேறானது. அவை தாம் பிறந்த மூளை அறைச் சுவரிலிருந்து வெளிநோக்கி நகர்ந்து, அந்த எல்லைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. அண்டைப் பகுதியில் ஆஸ்ட்ரோசைட்டுகள் அழிந்தாலும் அவை பக்கவாட்டில் பெயர்ந்து அவ்விடத்தை நிரப்புவதில்லை என 2012 இல் சுண்டெலிகளில் கண்டறியப்பட்டது.

மாற்றிடப்பட்ட உயிரணுவை அடையாளம் காணல்

நகர்ந்து சென்ற உயிரணு, ஏற்கும் மூளையின் உயிரணுக்களோடு கலந்துவிடுகிறது. நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே எது கொடை உயிரணு, எது அம்மூளைக்கே உரியது எனப் பிரித்தறியும் வழி இல்லாமல் இடப்பெயர்ச்சியை ஆராய இயலாது. இதற்குப் பயன்படும் சில முறைகள்:

- இனவேறுபாடு: இரு நெருங்கிய இனங்களின் உயிரணுக்களை ஒரே உடலில் கலத்தல். 1969 இல் பிரான்சு நாட்டு அறிவியலாளர் நிக்கோல் லெ துவாரன், காடை உயிரணுவின் உட்கருவைக் கோழி உயிரணுவின் உட்கருவிலிருந்து எளிதில் வேறுபடுத்தலாம் எனக் காட்டி இம்முறையை நிறுவினார்.
- பிறபொருளெதிரிகள்: ஓர் இனத்தின் உயிரணுவில் மட்டும் ஒட்டும் பிறபொருளெதிரியைக் கொண்டு சாயமேற்றல்.
- மரபணுப் பிறழ்வு: ஏற்கும் விலங்கால் உருவாக்க முடியாத புரதம் ஒன்றைக் கொடை உயிரணு உருவாக்கினால், அப்புரதமே அடையாளம் ஆகும்.
- ஒளிரும் புரதம்: பச்சை நிறத்தில் ஒளிரும் புரதத்துக்கான மரபணுவைக் கொடை உயிரணுவில் முன்கூட்டியே புகுத்துதல்.

ஷிவரர் சுண்டெலியும் தொடக்ககால ஆய்வுகளும்

இத்துறையின் வளர்ச்சியில் பெரும்பங்கு வகித்தது ஷிவரர் எனப்படும் சுண்டெலி வகையாகும். "நடுங்குவது" என்பது இப்பெயரின் பொருள். இவற்றில் மயலின் காரப் புரதத்துக்கான மரபணுவின் பெரும்பகுதி நீங்கியுள்ளது. இப்புரதம் இன்றேல், மைய நரம்பு மண்டலத்தில் மயலின் அடுக்குகள் நெருக்கமாகச் சேர்ந்து உறையாக அமையமாட்டா. பெற்றோர் இருவரிடமிருந்தும் இப்பிறழ்வைப் பெற்ற சுண்டெலிகள், பிறந்து ஏறத்தாழ இரண்டு வாரங்களில் நடுங்கத் தொடங்குகின்றன. பின்னர் வலிப்பு ஏற்பட்டுச் சில மாதங்களில் இறந்துவிடுகின்றன.

1980களின் தொடக்கத்தில் பாரிசு நகரில் மாடலீன் கும்பெல், பிரான்சுவா லாஷப்பேல் உள்ளிட்ட ஆய்வாளர்கள், இயல்பான சுண்டெலிகளின் மைய நரம்பு மண்டலத் துண்டுகளைப் புதிதாய்ப் பிறந்த ஷிவரர் சுண்டெலிகளின் மூளையில் வைத்தனர். ஷிவரர் மூளையில் மயலின் காரப் புரதம் கிடையாது. ஆகவே எங்கு அப்புரதம் காணப்பட்டாலும் அது ஒட்டுத்திசுவிலிருந்து வந்த உயிரணுவின் செயலே. இவ்வாறு ஆராய்ந்தபோது, ஒட்டு வைத்த இடத்திலிருந்து தொலைவான பகுதிகளிலும் மயலின் திட்டுகள் காணப்பட்டன. ஒலிகோடென்ட்ரோசைட்டு முன்னோடிகள் ஒட்டை விட்டு வெளியேறி, ஏற்கும் மூளையின் நரம்பிழைகளை அடைந்து, அங்கு இயல்பான உறையை உருவாக்க வல்லவை என்பது இதனால் உறுதியாயிற்று.

1990 ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் ரேமண்டு லண்டு குழுவினர், சுண்டெலியின் மூளைத் துண்டுகளைப் புதிதாய்ப் பிறந்த எலியின் மூளையில் வைத்து ஆராய்ந்தனர். சுண்டெலியும் எலியும் வெவ்வேறு இனங்கள் ஆதலால், சுண்டெலியின் உயிரணுக்களை மட்டும் காட்டும் பிறபொருளெதிரிகளைக் கொண்டு ஒட்டிலிருந்து வெளியேறிய ஆஸ்ட்ரோசைட்டுகளின் பாதையையும், அவை வெளியேறும் காலத்தையும் வரைய முடிந்தது. இவ்வாய்வுகளில், வளர்ச்சி நிலையிலிருந்த கொடைத்திசுவின் உயிரணுக்கள் ஏற்கும் மூளைக்குள் பரவலாக நுழைந்தன.

செல்லும் வழிகள்

நகரும் முன்னோடி உயிரணு முன்புறம் ஒரு நீட்சியை அனுப்பிச் சூழலை ஆராய்ந்து, பின் தன் உடலை அத்திசையில் இழுத்துக்கொள்கிறது. அது செல்லக்கூடிய வழிகளில் இரண்டு நன்கு அறியப்பட்டவை.

முதலாவது, வெண்பொருளில் உள்ள நரம்பிழைக் கற்றைகள். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் இவற்றுள் பெரியது. ஒரு பக்கத்தில் இடப்பட்ட உயிரணுக்கள் இதன் வழியே மறுபக்கத்தை அடைவதுண்டு.

இரண்டாவது, குருதிக்குழல்கள். ஒலிகோடென்ட்ரோசைட்டு முன்னோடிகள் குருதிக்குழல்களின் வெளிச்சுவரைப் பற்றிக்கொண்டு, ஒரு குழலிலிருந்து மற்றொரு குழலுக்குத் தாவி நகர்கின்றன என 2016 இல் கண்டறியப்பட்டது. அவை குருதிக்குள் நுழைவதில்லை. குழலின் மேற்பரப்பைச் சாரம் போலப் பயன்படுத்துகின்றன. குருதிக்குழல் அமைப்புச் சீர்கெட்ட சுண்டெலி முளையங்களில் இம்முன்னோடிகள் உரியவாறு பரவவில்லை.

வழிகாட்டும் சைகைகள்

எத்திசையில் செல்வது, எங்கு நிற்பது என்பவற்றைச் சூழலில் உள்ள மூலக்கூறுகள் தெரிவிக்கின்றன.

- குருதிச் சிறுதட்டு வழி வளர்ச்சிக் காரணி: முன்னோடிகளைப் பெருகச் செய்வதுடன், நகரவும் தூண்டுகிறது. இதற்கான ஏற்பி முன்னோடிகளின் மேற்பரப்பில் உள்ளது.
- நெட்ரின், செமாபோரின் வகைப் புரதங்கள்: இடத்துக்கும் வளர்ச்சி நிலைக்கும் ஏற்ப ஈர்க்கவோ விலக்கவோ செய்கின்றன.
- பாலிசயாலிக் அமிலம்: உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரைச் சங்கிலி. உயிரணுக்கள் ஒன்றோடொன்று இறுக ஒட்டாமல் வைத்து நகர்வை எளிதாக்குகிறது. இதனை நொதியால் நீக்கினால் நகர்வு குறைகிறது.
- நிறுத்தும் சைகை: தண்டுவடத்தில் ஆஸ்ட்ரோசைட்டுகள் வெளியிடும் ஒரு கீமோகைன் புரதம் முன்னோடிகளை உரிய இடத்தில் நிற்கச் செய்கிறது என 2002 இல் காட்டப்பட்டது.

இவற்றுடன், முன்னோடிகள் தம்முள் ஒன்றையொன்று விலக்கிக்கொள்ளும் பண்பும் உண்டு. ஒரு முன்னோடியின் நீட்சி மற்றொன்றைத் தொட்டவுடன் பின்வாங்குகிறது. இதனால் அவை ஏறத்தாழச் சம இடைவெளியில் மூளை முழுவதும் அமைகின்றன. அவற்றில் ஒன்று இறந்தால், அண்டையிலுள்ளது பெருகி அவ்விடத்தை நிரப்புகிறது. உயிருள்ள சுண்டெலியின் மூளையில் இதனை நேரடியாகப் படம்பிடித்த ஆய்வு 2013 இல் வெளியாயிற்று.

விழித்திரை: இயற்கையான ஒரு தடை

முன்னோடிகள் மூளையிலிருந்து பார்வை நரம்பின் வழியே கண்ணை நோக்கி வருகின்றன. ஆயினும் எலி, மனிதன் முதலிய உயிரினங்களில் அவை விழித்திரைக்குள் நுழைவதில்லை. பார்வை நரம்பு கண்ணோடு சேரும் இடத்தில் உள்ள ஒரு தடையே இதற்குக் காரணம் என 1988 இல் வெளியான ஆய்வு கூறியது. விழித்திரையின் நரம்பிழைகள் ஒளி வரும் பக்கத்தில் அமைந்துள்ளன. அவற்றின் மேல் மயலின் உறை இருப்பின், ஒளி தடைப்படும்.

அத்தடையைத் தாண்டி, முன்னோடிகளை நேரடியாக இளம் எலியின் விழித்திரைக்குள் இட்டால், அவை அங்குப் பரவி, இயல்பில் உறையற்ற அந்நரம்பிழைகளின் மேல் மயலினை உருவாக்குகின்றன. விழித்திரையின் நரம்பிழைகள் உறையை ஏற்க வல்லவை; உயிரணுக்களும் உறையை உருவாக்க வல்லவை; இயல்பில் அங்கு உறை இல்லாதது, அவை அங்குச் சென்றடைய முடியாமையாலேயே என்பதை இச்சோதனை காட்டுகிறது.

ஏற்கும் மூளையின் பங்கு

இளம் மூளையில் நெடுந்தொலைவு செல்லும் அதே வகை உயிரணுக்கள், முதிர்ந்த மூளையில் ஏன் நின்றுவிடுகின்றன என்னும் வினாவுக்கு விடை தேடும் ஆய்வுகள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றன. ராபின் ஃபிராங்ளின், வில்லியம் பிளேக்மோர் ஆகியோர் முன்னோடி உயிரணுக்களை வளர்ந்த எலியின் தண்டுவடத்தில் இட்டனர். இயல்பான தண்டுவடத்தில் அவை நிலைத்துப் பரவவில்லை. எக்சு-கதிர் செலுத்தப்பட்ட தண்டுவடத்திலோ அவை பிழைத்து, நகர்ந்து, மயலின் சிதைந்த இடங்களைச் சீர்செய்வதில் பங்கெடுத்தன. இம்முடிவுகள் 1996 இல் வெளியாயின. எக்சு-கதிர், ஏற்கும் விலங்கின் சொந்த முன்னோடிகளை அழித்துவிடுகிறது. எனவே வயதைக் காட்டிலும், இடம் ஏற்கெனவே நிரம்பியுள்ளதா என்பது முதன்மையான காரணி எனலாம்.

இளம் மூளையில் இவ்விடம் இன்னும் நிரம்பவில்லை; பெருகவும் நகரவும் தூண்டும் சைகைகளும் மிகுதியாக உள்ளன. கொடை உயிரணு நுழையும்போது, ஏற்கும் மூளையின் சொந்த முன்னோடிகளும் அதே வழிகளில் பரவிக்கொண்டிருக்கின்றன.

மாற்றிடப்பட்ட உயிரணு எதுவாக முதிர்கிறது என்பதையும் சூழல் ஓரளவு தீர்மானிக்கிறது. மயலின் இல்லாத ஷிவரர் மூளையில் இடப்பட்ட மனித முன்னோடிகளுள் பல ஒலிகோடென்ட்ரோசைட்டுகளாக முதிர்ந்தன. மயலின் இயல்பாக உள்ள சுண்டெலி மூளையில் இடப்பட்டவையோ பெரும்பாலும் முன்னோடிகளாகவே பெருகிப் பரவின, சில ஆஸ்ட்ரோசைட்டுகளாயின. அவை சுண்டெலியின் சொந்த முன்னோடிகளோடு போட்டியிட்டு, நாளடைவில் அவற்றின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டதாக 2014 இல் அறிவிக்கப்பட்டது.

மனித உயிரணுக்களைக் கொண்ட சோதனைகள்

அமெரிக்காவின் ரோச்செசுட்டர் பல்கலைக்கழகத்தில் இசுட்டீவன் கோல்டுமேன் தலைமையிலான குழுவினர், மனித மூளையிலிருந்து பெற்ற கிளியா முன்னோடிகளை ஷிவரர் சுண்டெலிகளில் இட்டு ஆராய்ந்துள்ளனர். 2004 இல் வெளியான முடிவுகளின்படி, கருநிலை மனித மூளையிலிருந்து பெற்றவை மிகப் பரவலாக இடம்பெயர்ந்தன. வளர்ந்தோர் மூளையிலிருந்து பெற்றவை அந்த அளவுக்குப் பரவவில்லை. ஆயினும் விரைவாகவும், உயிரணு ஒன்றுக்கு மிகுதியான நரம்பிழைகளிலும் மயலினை உருவாக்கின. இதனால், நெடுந்தொலைவு நகர்தலும் விரைந்து முதிர்தலும் ஒருங்கே வாய்ப்பது அரிது எனத் தெரிகிறது.

2008 இல் அதே குழுவினர், நோய் எதிர்ப்புத் திறன் நீக்கப்பட்ட ஷிவரர் குட்டிகளுக்குப் பிறந்தவுடன் மைய நரம்பு மண்டலத்தின் பல புள்ளிகளில் மனித முன்னோடிகளைச் செலுத்தினர். உயிரணுக்கள் மூளை, தண்டுவடம் முழுவதும் பரவி மயலினை உருவாக்கின. பெரும்பாலான சுண்டெலிகள் காப்பாற்றப்படவில்லை. ஆயினும் ஒரு பகுதி, மருத்துவம் பெறாதவற்றைக் காட்டிலும் மிக நீண்ட காலம் வாழ்ந்தன. அவற்றின் நரம்பியல் குறைபாடுகளும் குறைந்தன. மயலின் போதிய அளவு உருவாகும் வரை உயிர் பிழைத்திருந்தவையே பயன்பெற்றன. 2013 இல், மனிதத் தோல் உயிரணுக்களைக் குருத்தணு நிலைக்குத் திருப்பி, அவற்றிலிருந்து பெற்ற முன்னோடிகளைக் கொண்டும் இத்தகைய விளைவு எட்டப்பட்டது.

இடப்பெயர்ச்சியின் காலம் பிறழ்வதும் கேடு தரும். சிறுவயதிலேயே மனச்சிதைவு நோய் தொடங்கியவர்களின் உயிரணுக்களிலிருந்து பெற்ற கிளியா முன்னோடிகளைச் சுண்டெலியில் இட்டபோது, அவை வெண்பொருளில் போதிய அளவு பெருகுமுன்னரே பெருமூளைப் புறணிக்குள் நகர்ந்தன. மயலினும் குறைவாகவே உருவாயிற்று. இவ்வாய்வு 2017 இல் வெளியானது.

மருத்துவ முயற்சி

பெலிசேயசு-மெர்சுபாக்கர் நோய் என்பது எக்சு நிறப்புரியிலுள்ள ஒரு மயலின் புரத மரபணுவின் பிறழ்வால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்கும் அரிய நோயாகும். கண்கள் தாமாக அசைதல், தசைத்தளர்ச்சி, நடக்கவும் பேசவும் இயலாமை முதலியன இதன் அறிகுறிகள். கடுமையான வடிவம் இளம் வயதிலேயே இறப்பை விளைவிக்கிறது.

அமெரிக்காவின் சான் பிரான்சிசுக்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், கடுமையான வடிவம் கொண்ட நான்கு சிறுவர்களின் முன்மடல் வெண்பொருளில் மனித நரம்புக் குருத்தணுக்கள் செலுத்தப்பட்டன. ஓராண்டுக் கண்காணிப்பின் முடிவுகள் 2012 இல் வெளியாயின. செலுத்தப்பட்ட உயிரணுக்களால் நேர்ந்ததெனக் கூறத்தக்க தீங்கு எதுவும் காணப்படவில்லை. காந்த ஒத்ததிர்வு வரைவில் (எம்.ஆர்.ஐ.), உயிரணு செலுத்திய பகுதிகளில் மயலின் உருவாவதோடு ஒத்துப்போகும் மாற்றங்கள் தெரிந்தன. மூவரிடம் சிறிய அளவு முன்னேற்றம் பதிவானது. இது பாதுகாப்பை அறியும் முதற்கட்டச் சோதனையே. ஒப்பிட்டுப் பார்க்க மருத்துவம் பெறாத குழு இல்லாமையால், அம்முன்னேற்றம் உயிரணுக்களால் விளைந்ததெனக் கூற முடியாது.

தொலைவும் காலமும்

சுண்டெலியில் பெற்ற முடிவுகளை மனிதருக்குப் பொருத்துவதில் முதல் இடர்ப்பாடு அளவு ஆகும். வளர்ப்புக் கலத்தில் முன்னோடிகள் மணிக்கு ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர் நகர்கின்றன. இடைவிடாது நேர்கோட்டில் சென்றாலும், இவ்வேகத்தில் ஒரு நாளில் கடப்பது அரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவே. 10 மில்லிமீட்டர் செல்ல ஏறத்தாழ 3 வாரங்களும், 100 மில்லிமீட்டர் செல்ல 200 நாள்களுக்கு மேலும் ஆகும். உண்மையில் உயிரணுக்கள் நின்றும் திரும்பியும் செல்வதால் காலம் இன்னும் நீளும். சுண்டெலியின் மூளை முழுவதுமே 2 செ.மீ. நீளத்துக்கு உட்பட்டது. மனித மூளையில் ஒரே புள்ளியில் செலுத்தி எங்கும் பரவ எதிர்பார்க்க இயலாது. பல புள்ளிகளில் செலுத்த வேண்டியுள்ளது.

இரண்டாவது, காலம். மனிதரில் மயலின் உருவாக்கம் பிறப்புக்கு முன் தொடங்கி, முதல் இரண்டு ஆண்டுகளில் மிக விரைவாக நடைபெற்று, இளம்பருவத்துக்குப் பின்னும் தொடர்கிறது. மயலின் குறைபாட்டு நோய் கண்டறியத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும், உயிரணுக்கள் எளிதில் பரவக்கூடிய இக்காலத்தில் ஒரு பகுதியை இழக்கச் செய்கிறது.

மூன்றாவது, ஏற்பின்மை. வேறொருவரின் உயிரணுக்களை ஏற்கும் உடல் அவற்றை எதிர்க்கக் கூடும். சோதனைச் சுண்டெலிகளில் நோய் எதிர்ப்புத் திறனை மரபணு முறையில் நீக்கலாம். குழந்தைகளுக்கு மருந்துகளையே நம்ப வேண்டும். கட்டுக்கடங்காமல் பெருகிக் கட்டியாக மாறக்கூடிய உயிரணு எதுவும் கொடையில் கலவாதிருத்தலும் இன்றியமையாதது.

முதிர்ந்த மூளை முற்றிலும் மூடப்பட்டதன்று என்பதற்கும் சான்றுகள் உள்ளன. மனிதக் கிளியாவைக் கொண்ட வளர்ந்த சுண்டெலிகளின் மூளையில் இளமையான மனித முன்னோடிகளை இட்டபோது, அவை அங்கிருந்த முதிய, நோயுற்ற மனிதக் கிளியாவை வென்று அவற்றின் இடத்தைப் பிடித்தன என 2023 இல் அறிவிக்கப்பட்டது. இளம் மூளையில் இயல்பாகவே கிடைக்கும் இடத்தை, முதிர்ந்த மூளையில் உயிரணுக்கள் போட்டியிட்டுப் பெற வேண்டியுள்ளது.